ரவிக்கைக்கு மேலே இரண்டு, கீழே நான்கு

நான் ஒரு பொய்யின் கீழ் கையெழுத்துப் போட்டவன். குடுபல்லி, சாந்திபுரம் பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்கு எடுத்த ஈசிஜி எல்லாம் முறைப்படி எடுக்கப்பட்டவை என்று ஒரு படிவத்தில் இருந்தது. அவை அப்படி எடுக்கப்படவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் எடுக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தெரிந்துதான் போட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் காரணங்களைப் படித்துவிட்டு, 'பாவம், அறியாமல் நடந்துவிட்டது' என்று உங்களில் யாரும் எனக்காக இரங்க வேண்டாம். இதய ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். கடைசி நிமிடத்தில் பிழைத்தவர்கள், நாடித்துடிப்பு நின்று திரும்பியவர்கள் என்று என்னிடமும் கதைகள் உண்டு. அவை உங்கள் பேராசிரியர்களிடமும் இருக்கும்.

திருப்பதியில் ஒரு பெரிய மருத்துவமனையில் முப்பது வருடங்களுக்கு மேல் இதய மருத்துவராக இருந்தேன். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஓர் ஆய்வில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஈசிஜியைப் படித்து, எந்த இதயம் பழுதுபட்டிருக்கிறது என்று சொல்லக் கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தரும் ஆய்வு. டாக்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் சின்ன இயந்திரத்தில் ஈசிஜி எடுத்தால் போதும்; அதிலிருந்து வரும் சீட்டே, 'உடனே அனுப்பு' என்றோ 'சாதாரணம்' என்றோ சொல்லிவிடும். நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கில் ஈசிஜி வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் ஒருவர் 'இது நல்ல இதயம், இது கெட்ட இதயம்' என்று குறித்துத்தர வேண்டும். பல ஊர்களிலிருந்து அப்படிச் சேகரித்தார்கள். தமிழ்நாட்டு எல்லையோரம், தமிழ் பேசும் ஆந்திரக் கிராமங்கள் எங்கள் பங்கு.

முதல் முகாம் குடுபல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஏழாம் வகுப்பு அறையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து ஜமக்காளம் விரித்திருந்தோம். ஜன்னலுக்குக் கதவில்லை. மறைப்புக்கு ஒரு பச்சைத் துணி கட்டியிருந்தோம். காற்றடித்தபோதெல்லாம் அது கூரையைத் தொட்டது. ஈசிஜி எடுத்தவர் எங்கள் டெக்னீஷியன் முனிரத்தினம். குப்பம் டவுன் பக்கத்து ஆள், நாற்பது வயது, வேலையில் வேகமும் சுத்தமும் உள்ளவர்.

ஆண்கள் மதியத்துக்குள் முடிந்தார்கள். ஆண்களிடம் எங்களுக்கு எந்த நாளும் சிக்கல் இருந்ததில்லை. திருமலைப் படி ஏறி நெஞ்சுவலி என்று மொட்டைத்தலையும் சந்தனமுமாக வருபவர்கள்கூட, சொல்வதற்குமுன் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவார்கள். அதன்பின் பெண்கள் வந்தார்கள். முதலில் வந்த அம்மா பெஞ்சில் படுத்து, சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஹூக்கு கழட்டணும்மா," என்றார் முனிரத்தினம், சுவரைப் பார்த்தபடி.

"இன்னாத்துக்கு?"

"நெஞ்சுல ஸ்டிக்கர் ஒட்டணும்."

"நெஞ்சுல தான? இங்க ஒட்டு," என்று கழுத்தெலும்புக்குக் கீழே காட்டினார். "பத்தலன்னா வயித்துல ஒட்டு. நடுவுல இன்னா வேல உனுக்கு?"

துணிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"இன்னாடி உள்ள, சினிமாவா காட்டிக்கினு கீறாங்க?" என்றாள் ஒருத்தி.

"ஊட்டுக்காரர இட்டுக்கினு வரட்டா? அவரே கழட்டுவாரு," என்றாள் இன்னொருத்தி.

முனிரத்தினத்துக்கு வேர்த்துவிட்டது. அடுத்த இரண்டு பேர் விஷயம் தெரிந்து பெஞ்சுவரை வந்து திரும்பிவிட்டார்கள். வரிசை கலைய ஆரம்பித்தது. அவர் என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "சார், ஜாக்கெட்டுக்கு மேல ரெண்டு, கீழ நாலு வெச்சிட்டா கழட்டவே தேவல. அந்த மாதிரி வெச்சா பர்வாலேதா?"

பரவாயில்லையா என்பதைத் தெலுங்கில் கேட்டார். சங்கடமான விஷயம் என்றால் அவருக்குத் தெலுங்குதான் வாயில் வரும்.

மார்பில் ஒட்டும் ஆறு ஸ்டிக்கருக்கும் இடம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டும் நெஞ்செலும்பின் இருபுறமும், நாலாவது விலா இடுக்கில். மற்றவை அங்கிருந்து இடது மார்பை ஒட்டி, அக்குள் பக்கமாக வளைந்து போக வேண்டும். ரவிக்கை மறைக்கும் இடம்தான் அத்தனையும். மேலே இருப்பவற்றை இன்னும் மேலேற்றி, கீழே இருப்பவற்றை விலாவின் அடிக்கு இறக்கினால், நல்ல இதயமும் மாரடைப்பில் முன்சுவர் செத்துப்போன இதயம்போலக் கோடு போடும். இது இரண்டாம் வருட மாணவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா?

அன்று என் தலைக்குள் இருந்ததைச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் பாதிக்குமேல் முடித்துவிட்டார்கள், நாங்கள்தான் பின்தங்கியிருந்தோம். இன்னும் தாமதமானால் உங்களை விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று மரியாதையான கடிதம் ஒன்று வந்திருந்தது. ஓய்வு பெறும்முன் அந்த ஆய்வுக்கட்டுரையில் என் பெயர் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. மருத்துவமனையில் ஒரே ஒரு பெண் டெக்னீஷியன் இருந்தார். அவரை அனுப்புங்கள் என்று கேட்டால் வார்டு நின்றுவிடும் என்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, அது இன்றுவரை எனக்குத் தெரியாது.

துணியை விலக்கிப் பார்த்தேன். வரிசை கேட்வரை நின்றது. "போடு" என்றேன்.

உங்கள் கீழ் வேலை செய்பவர் "இப்படிச் செய்தால் பரவாயில்லையா?" என்று கேட்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அது தப்பு என்று அவருக்குத் தெரியும். உங்களிடம் சொல்லும் தைரியம் இல்லாததால் கேள்வியாகக் கேட்கிறார். முனிரத்தினம் அன்று என் முகத்தைப் பார்த்தபடி இன்னொரு கணம் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

அதன்பிறகு வேலை பறந்தது. குடுபல்லி முடிந்து சாந்திபுரம், அப்புறம் சுற்றியுள்ள ஊர்கள். பெண்கள் சந்தோஷமாக வந்தார்கள். "ஜாக்கெட்டு கழட்டத் தேவலயாம்" என்ற செய்தி எங்கள் வேனுக்கு முன்னால் போய்ச்சேர்ந்தது.

திருப்பதியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஈசிஜிகளைக் குறித்தோம். என்னோடு சுமதி என்ற இளம் டாக்டர் இருந்தார். இரண்டாவது நாளே ஒரு கட்டு ஈசிஜிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இந்தப் பெண்கள்ல பாதிப் பேருக்கு முன்சுவர் அட்டாக் வந்து போன மாதிரி இருக்கு. வயசு முப்பது, முப்பத்தஞ்சு. இத்தனை பேருக்கா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. "பெண்களுக்கு இப்படித்தான் வரும் சுமதி. உடம்பு வாகு. நார்மல்னு போடு."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

நாங்கள் குறிப்பதற்கு விதிகள் எழுதிய ஒரு தாள் இருந்தது. பெண்களின் ஈசிஜியில் இந்தத் தோற்றம் வந்தால் சாதாரணம் என்று குறிக்கவும் என என் கையாலேயே அதில் ஒரு வரி சேர்த்தேன். முகாமுக்கு வந்த பெண்களுக்கு அனுப்பிய முடிவிலும் அதே சொல்தான் போனது. அதன்பின் அவர் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் படிவம் வந்தது. ஸ்டிக்கர்கள் அனைத்தும் வெறும் தோலில், உரிய இடத்தில் ஒட்டப்பட்டன என்று அச்சாகியிருந்தது. பேனா எடுத்தேன், போட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

நான் ஓய்வு பெற்று சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் காலை வேளைகளில் மட்டும் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். சில வருடங்களில் இயந்திரம் சுகாதார நிலையங்களுக்கு வந்தது. திருப்பதியில் நடந்த ஒரு கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மெல்லிய சால்வை, நல்ல நிறம். சந்தோஷமாகப் போர்த்திக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, சாந்திபுரத்திலிருந்து மங்கம்மா என்பவரைக் கூட்டிக்கொண்டு அவர் மகள் ரேவதி வந்தார். தாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், கூலிக்குத் தக்காளி பறிக்கப் போகிறவர். மகள் குப்பத்தில் செல்போன் கடையில் வேலை செய்கிறவர். மங்கம்மாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா?"

"பன்னெண்டு நாளு முன்னாடி நெஞ்சு கரிச்சிக்கினே இருந்திச்சி சார்," என்றார் ரேவதி. "ரெண்டு நாளு பாத்துட்டு எங்க ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த மெஷின்ல எடுத்தாங்க. நல்லாக்கீதுன்னு வந்திச்சி. மெஷினே சொல்லிட்ச்சேன்னு மறுநாளே தக்காளி பறிக்கப் போய்ட்டாங்க. ஒரு வாரம் போய்க்கினு இருந்தாங்க. முந்தாநேத்து மூச்சு வாங்குது, மறுபடி போனோம். மறுபடியும் நல்லாக்கீதுன்னே வந்திச்சி."

இரண்டு சீட்டுகளையும் மேசையில் வைத்தார். இரண்டிலும் தெலுங்கில் 'சாதாரணம்'. சொல்லுக்கு மேலே ஈசிஜி கோடுகள். அவற்றைப் பார்த்தேன்.

முன்சுவர் செத்துப்போன இதயத்தின் ஈசிஜி அது. எந்தச் சந்தேகமும் இல்லை. சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ், பெண், கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு ஸ்டிக்கரையும் சரியான இடத்தில் ஒட்டி எடுத்திருக்கிறார். அத்தனை சுத்தமான ஈசிஜி. அதற்குக் கீழே 'சாதாரணம்'.

  இயந்திரம் தப்புச் செய்யவில்லை. பெண்களுக்கு இப்படித்தான் வரும், சாதாரணம் என்று போடு என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது போட்டிருந்தது.

எக்கோ செய்தேன். இதயத்தின் முன்சுவர் அசையவே இல்லை. மற்ற பக்கங்கள் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தவித்தன. மருந்து கொடுத்து, திருப்பதிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தபடியே மங்கம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க எங்க ஊரு ஸ்கூலுக்கு வந்தீங்கல்ல? ஜாக்கெட்டு கழட்டாம எடுத்தீங்களே. ரொம்ப நல்ல டாக்டருன்னு அன்னிக்கே சொன்னேன் எங்கூட்டுக்காரர் கிட்ட."

 ஆம்புலன்ஸின் கதவைச் சாத்தினேன்.

அன்று வேறு நோயாளிகளைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் திருப்பதிக்குப் போனேன். மங்கம்மாவின் அடைபட்ட குழாயைத் திறந்திருந்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார், இதயத்தில் போனது போனதுதான். பழைய ஆய்வு அறைக்குப் போய் ஒரு கட்டு ஈசிஜிகளை எடுத்துப் பார்த்தேன். சாந்திபுரம், பெண், நல்ல இதயம், செத்துப்போனதுபோலக் கோடு, 'சாதாரணம்'. அடுத்தது, அதேபோல. அடுத்ததும். இவற்றுக்கு நடுவில் நிஜமாகவே செத்துப்போன முன்சுவர் ஒன்றோ பத்தோ இருந்திருக்கலாம். அவர்களுக்கும் நான் 'சாதாரணம்' போட்டிருக்கிறேன். எது எது என்று இனிமேல் அந்தத் தாள்களிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

சுமதியைக் கூப்பிட்டேன். இப்போது அவர் வேறு ஊரில் பேராசிரியை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"சார், நான் அப்பவே கேட்டேன்," என்றார். "நீங்க சிரிச்சீங்க."

"ஆமா."

"வீட்டுக்குப் போய், எனக்குத்தான் ஈசிஜி படிக்கத் தெரியலைன்னு புத்தகத்தை எடுத்து வெச்சு ராத்திரியெல்லாம் படிச்சேன். இப்போ என் மாணவிகளுக்கும் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறேன், பெண்களுக்கு இப்படித்தான் வரும்னு."  "எத்தனை பேட்ச்சுக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

இயந்திரம் மட்டும்தான் என்னிடம் கற்றுக்கொண்டது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆய்வை நடத்தியவர்களுக்கு எழுதினேன். எதையும் மறைக்காமல், என் பெயர் போட்டு எழுதினேன். பிறகு கம்ப்யூட்டர் திரையில் என்னோடு பேசினார்கள். மரியாதையான இளைஞர்கள். "ஒட்டுமொத்தமா நல்லாத்தான் வேலை செய்யுது சார்," என்றார் ஒருவர். பெண்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள் என்றேன். அதிலும் எங்கள் பக்கத்துப் பெண்களைத் தனியாகப் பாருங்கள் என்றேன். நாலைந்து கடிதங்களுக்குப் பிறகு பார்த்தார்கள். அடுத்த முறை திரையில் வந்தபோது அந்த இளைஞர் வணக்கம் சொல்ல மறந்துவிட்டார்.

முனிரத்தினத்திடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "எம்மேல போட்டுடாதீங்க சார். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது. நான் கேட்டேன். நீங்க போடுன்னீங்க."

"அப்படித்தான் எழுதியிருக்கேன் முனிரத்தினம். நீ கேட்டே, நான் போடுன்னேன்."

"எழுதியே குடுத்துட்டீங்களா?" என்றார். நிம்மதியா பயமா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப்பின் அவர் என்னிடம் பேசுவதில்லை.

மங்கம்மாவின் வீட்டுக்குப் போகத்தான் நாளாயிற்று. மூன்று முறை குப்பம்வரை போய்த் திரும்பினேன். நாலாவது முறை போனேன். மங்கம்மா கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கணவர் கோவிந்தசாமி எனக்கு நாற்காலி போட்டு, மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். ஸ்டிக்கரை எங்கே ஒட்டினோம், எங்கே ஒட்டியிருக்க வேண்டும், அதனால் இயந்திரம் என்ன கற்றுக்கொண்டது, மங்கம்மாவின் சீட்டில் ஏன் அப்படி வந்தது, எல்லாவற்றையும். ரேவதி மோர்ச் சொம்போடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

 கோவிந்தசாமி என்னைத் தேற்றுகிற குரலில் பேசினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"தெரியாம நடந்து போச்சி. மனுசன்தான சார். ஒண்ணு பண்ணுங்க. காணிப்பாக்கம் போலாம். கொளத்துல முழுகிட்டு வந்து, தெரியாம நடந்ததுன்னு சாமி எதிர்ல ஒரு வார்த்த சொல்லிடுங்க. அத்தோட நாங்க உட்டுர்றோம். ஊர்லயும் எவனும் கேக்க மாட்டான்."

எங்கள் ஜில்லாவில் இது வழக்கம். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள் என்பதால், ஒருவர் சத்தியம் செய்துவிட்டால் எதிராளி அதை ஏற்றுக்கொண்டு விலகிவிடுவார். கோர்ட்டில் முடியாத வழக்குகூட அந்தக் குளத்துப் படியில் முடிந்திருக்கிறது. அந்த மனிதர் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். அரைநாள் வேலை. பஸ் உண்டு.

நான் பக்தி உள்ளவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒரு கணம் மனம் அந்தப் பக்கம் போனது. தெரியாது என்று சொல்லிவிட்டால் என்ன? யார் கண்டார்கள்?

"என்னால அந்தச் சத்தியம் பண்ண முடியாதுங்க," என்றேன். "தெரிஞ்சேதான் செஞ்சேன்."

கோவிந்தசாமி எழுந்து வெளியே போய்விட்டார். அதுவரை வாய் திறக்காத மங்கம்மா, மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார்.

"தெரிஞ்சா? ஏன் சார்... ஒரு பொம்பளய கூட இட்டுக்கினு வர்றதுக்கு இன்னா கேடு வந்திச்சி?"

என்னிடம் காரணங்கள் இருந்தன. உங்களுக்கு மேலே எழுதியிருக்கிறேன். அந்த அறையில், அந்தக் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்து அவற்றில் ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ரேவதி மோரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். குடிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் வைத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் ஆய்வுக்காரர்களின் முடிவு வந்தது. பெண்களின் சீட்டுகளை டாக்டர் ஒருவர் பார்க்காமல் விடக்கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பினார்கள். எங்கள் பெண்களின் ஈசிஜிகளை மொத்தமாக நீக்கிவிட்டு, இயந்திரத்துக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள். சரியான முடிவு. நான் கேட்டதும் அதுதான். கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபோதுதான் புரிந்தது: எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்திகூட இனி அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. முன்பு அவர்களைத் தப்பாகத் தெரிந்து வைத்திருந்தது. இப்போது அவர்கள் அதில் இல்லவே இல்லை.

திரும்ப எடுக்க வேண்டும். ஆய்வுக்காக மட்டும் இல்லை. அந்தக் கட்டுக்குள் நோயோடு ஒளிந்திருப்பவர்களைக் கண்டுபிடிக்கவும் வேறு வழி கிடையாது. மருத்துவமனையில் கேட்டேன். இரண்டு பெண் டெக்னீஷியன்களைக் கொடுத்தார்கள். ஒரே தடவைதான் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

சாந்திபுரத்தில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறையாகப் பார்த்தோம். முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டிகள் தைத்து வைத்தோம். நான் அறைப்பக்கமே போவதில்லை, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். முதல் நாள் பதினோரு மணிவரை யாரும் வரவில்லை. "ஒரு தடவ குடுத்தாச்சே, இன்னும் எத்தினி தடவ?" என்று தெருவில் போன ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே சொல்லிக்கொண்டு போனாள்.

அப்புறம் ஒரு ஆட்டோ வந்தது. ரேவதி இறங்கி, மங்கம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். என்னைக் கடந்து போனபோது இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ரேவதி அம்மாவை உள்ளே உட்காரவைத்துவிட்டுத் தெருவுக்குள் போனார். ஒவ்வொரு வீடாக அவர் குரல் கேட்டது. "ஹூக்கு தான அக்கா? உசுர விடவா பெரிசு? உள்ள ஆம்பள எவனும் இல்ல. அந்தக் கெயவன் வெளிய மரத்தடியில குந்திக்கினு கீறான், வா."

வந்தார்கள். முன்பு வந்தவர்களில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் வந்தார்கள். அன்று மாலை டெக்னீஷியன் ஒரு ஈசிஜியைக் கொண்டுவந்து நீட்டினார். நாற்பது வயதுப் பெண், வரப்பு வேலைக்குப் போகிறவர், முன்சுவர் செத்திருந்தது. ஸ்டிக்கர் எல்லாம் சரியான இடத்தில். பழைய கட்டில் அவர் பெயரைத் தேடினேன். 'சாதாரணம்', என் கையெழுத்து. அன்றே திருப்பதிக்கு அனுப்பினேன். இன்று மருந்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறார்.

வேனில் சாமான் ஏற்றும்போது ரேவதி வந்து முன்னால் நின்றார். வீட்டில் மோர் வைத்த நாளுக்குப்பின் அன்றுதான் என்னிடம் பேசினார்.

"வந்தவங்கள்ல ஒருத்தங்க மாட்டினாங்க. வராதவங்கள்ல எத்தினி பேரு சார்?"

"தெரியாதும்மா."

"தெரிஞ்சிக்கினு வாங்க," என்று சொல்லிவிட்டு, அம்மாவை ஆட்டோவில் ஏற்றப் போனார்.

முகாமுக்கு வராதவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு இப்போது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். டெக்னீஷியன் உள்ளே போவார், நான் வாசலில் நின்று என்ன நடந்தது என்பதைச் சொல்வேன். சிலர் திட்டுகிறார்கள். சிலர் வேலைக்கு நேரமாகிறது என்று படுத்து எழுந்து போகிறார்கள். ஆய்வுக்காரர்கள் புதிய ஈசிஜிகளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வாங்கவில்லை.

போன வாரம் குடுபல்லிக்கு அப்பால் ஒரு வீட்டுக்குப் போனோம். பட்டியலில் இருந்த பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் கணவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அவ போயி ஒரு வருசமாவுது சார்."

"எதனாலங்க?"

"அதான் தெர்ல. கயனில களை எடுத்துக்கினு இருந்தவ அப்டியே உக்காந்தா, எந்திரிக்கல. நெஞ்சு நல்லாக்கீதுன்னு ஸ்கூல்ல வந்து எடுத்தவங்க சொல்லிட்டாங்க. அப்ப வேற எதனாலயோதான்." வாளியைக் கீழே வைத்தார். "என் தம்பி பொண்டாட்டிதான் சோத்துல இன்னாத்தையோ வெச்சி குடுத்துட்டான்னு ஊர்ல சொன்னாங்க. அன்னிலேந்து தம்பியோட பேச்சு இல்ல."

டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றினேன்.

"உங்க தம்பி வீடு பக்கமா இருந்தா அவரையும் கூப்பிடுங்க," என்றேன். "அவர் மனைவியையும். மூணு பேருக்கும் சேர்த்து ஒண்ணு சொல்லணும்."